சூப்பர்மேனுக்கு மகன் எதற்கு?

மஞ்சள் தாள்

நண்பர்களே, காமிக்ஸில் சூப்பர்மேனுக்கு ஜான் கென்ட் என்ற மகனைக் கொடுத்தது நல்ல முடிவா என்று நேற்று ஒரு நண்பரோடு வாக்குவாதம். இல்லை என்பது என் கட்சி. பேச்சு அங்கே முடியவில்லை, அதனால் நம் காமிக்ஸ் மன்றத்துக்குக் கொண்டு வந்தேன்.

சூப்பர்மேன் 1938இல் வந்தவர், பேட்மேன் 1939இல். இன்றைக்கும் இருவருக்கும் நாற்பதைத் தொடாத வயதுதான். அதை ஏற்றுக்கொண்டுதான் படிக்கிறோம், யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் வீட்டில் ஒரு குழந்தை வந்துவிட்டால் காலம் ஓடியே தீரும். அது தவழும், பேசும், பள்ளிக்கூடம் போகும். மகன் வளர்ந்தால் அப்பாவுக்கு நரைக்க வேண்டும். அப்பாவுக்கு நரைக்கக் கூடாது என்றால் மகனை வளர விடக் கூடாது. ஃபென்டாஸ்டிக் ஃபோரில் ரீட், சூ தம்பதியின் மகன் ஃபிராங்க்ளின் 1968இல் பிறந்தான். இன்று அவன் அறுபதை நெருங்க வேண்டியவன். ஆனால் பல பத்தாண்டுகள் சின்னப் பையனாகவே இருந்தான். 2018இல்தான் அவனுக்குப் பதின்வயது வந்தது.

அதுவாவது தேவலை. அக்வாமேனின் மகன் 1965இல் பிறந்தான், 1977இல் பிளாக் மாண்டா அவனைக் கொன்றான். ஸ்பைடர்மேனின் மகள் மே 1996இல் பிறந்த கையோடு கதையைவிட்டே போனாள். கிரீன் ஆரோவின் பழைய துணைவன் ராய் ஹார்ப்பரின் மகள் லியான் 1986இல் அறிமுகமாகி வாசகர்களின் செல்லமாக இருந்தவள். 2010இல் அவளைக் கொன்றார்கள். அப்பாவின் கதையில் ஒரு அதிர்ச்சி வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ 1962இலேயே சூப்பர்மேனைப் பற்றிய கட்டுரையில் இதைச் சொல்லிவிட்டார். கல்யாணம் போன்ற திரும்பிப் போக முடியாத ஒன்றைச் செய்தால் நாயகன் சாவை நோக்கி ஒரு அடி வைக்கிறான் என்பது அவர் வாதம். பிள்ளை பெறுவது அதைவிடப் பெரிய அடி. வளர்க்கத் தெரியாதவர்கள் பெறாமல் இருக்கலாம்.

இரண்டாம் மாடி

நண்பரே, நீங்கள் சொன்ன மரணங்கள் எல்லாம் உண்மை. லியான் செத்த கதையைப் படித்துவிட்டு அந்த இதழை நான் திரும்பத் தொடவே இல்லை. ஆனால் கொலைகளை மட்டும் எண்ணிவிட்டு ஜானைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?

2016இல் பீட்டர் டொமாசியும் பேட்ரிக் கிளீசனும் செய்த சூப்பர்மேன் தொடரைப் படித்திருக்கிறீர்களா? முதல் இதழிலேயே ஜானின் வளர்ப்புப் பூனை கோல்டியை ஒரு பருந்து தூக்கிப் போகிறது. காப்பாற்றப் பார்க்கிறான். கண்ணிலிருந்து அவனை அறியாமல் வெப்பக்கதிர் பாய்ந்து பருந்தோடு பூனையும் கருகிவிடுகிறது. பத்து வயதுப் பையன் அவன். இந்தக் காட்சி ஜான் இல்லாமல் சூப்பர்மேன் கதையில் வரவே முடியாது. அப்பா கிளார்க்குக்கு, அதாவது சூப்பர்மேனுக்கு, தன் சக்தியை அடக்கத் தெரியும், அவரிடம் அந்தப் பயம் தீர்ந்துபோய் எத்தனையோ காலம் ஆயிற்று. மகன் வந்த பிறகுதான் அந்தப் பயம் திரும்ப வீட்டுக்குள் வருகிறது.

ஏழாம் இதழில் குடும்பமாக ஊர்த் திருவிழாவுக்குப் போகிறார்கள். இன்று ஒரு நாள் நீ யாரையும் காப்பாற்றப் போகக் கூடாது என்று மனைவி லோயிஸ் கேட்டுக்கொள்கிறாள். உலகத்தைத் தூக்கி நிறுத்துகிறவருக்கு ஒரு சாயங்காலம் சும்மா இருப்பது எவ்வளவு பாடு! எண்பது வருடக் கதையில் எனக்கு அவரோடு மிகவும் ஒட்டுதல் வந்தது அந்த இதழில்தான்.

கருப்பு மசி

மஞ்சள் தாள் பக்கம் நிற்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. வயதுக் கணக்கு எனக்குப் பெரிதில்லை. எனக்குப் பெரிது பேட்மேனின் மகன் டேமியன்.

பேட்மேனான புரூஸ் வேய்ன் அப்பா அம்மாவைக் கண் முன்னே இழந்தவர். அந்த அநாதைப் பையன் இன்னொரு அநாதையைக் கூட்டி வந்து வளர்த்தார், அதுதான் 1940இல் வந்த டிக் கிரேசன், பேட்மேனின் துணைவனான முதல் ராபின். பிறகு ஜேசன், டிம். ரத்தத்தால் அல்ல, துக்கத்தால் சேர்ந்த குடும்பம் அது. பேட்மேன் கதையின் மிக அழகான விஷயம் அதுதான் என்பேன். 2006இல் பேட்மேன் 654ஆம் இதழில் டிம் டிரேக்கைத் தத்தெடுக்க முன்வருகிறார் புரூஸ். படித்துவிட்டு மனசு நிறைந்து போனது. அடுத்த இதழ், 655. கிராண்ட் மாரிசன் எழுத, ஆண்டி கியூபர்ட் வரைந்த கதை அங்கே ஆரம்பிக்கிறது. அந்தக் கதையில் பழைய காதலி தாலியா ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்துகிறாள், இவன் உன் சொந்த மகன் என்று. அவன் வந்த வேகத்தில் டிம்மை அடித்துப் போடுகிறான். மூன்று வருடத்துக்குள் ராபின் உடையும் டேமியனுக்குப் போய்விடுகிறது.

தத்துப்பிள்ளையைவிட ரத்தப்பிள்ளை உசத்தி என்று அந்தக் கதைகள் வாயால் சொல்லவில்லை. செயலால் சொல்லிவிட்டன. டிம் அதற்குப் பிறகு தனக்கென்று ஒரு நிலையான இடம் கிடைக்காமல் அலைகிறான்.

வலைக்காரன்

கருப்பு மசி, டிம்முக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் டேமியனுக்கு ராபின் உடையைக் கொடுத்தது யார்? புரூஸ் இல்லை, டிக். அப்போது புரூஸ் இறந்துவிட்டதாகத்தான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். கொலை செய்யவே பழக்கி வளர்க்கப்பட்ட ஒரு பையனை ஒரு தத்துப்பிள்ளை அண்ணனாக நின்று திருத்துகிறான். எனக்கு அது நீங்கள் சொல்லும் துக்கக் குடும்பத்தின் தொடர்ச்சியாகத்தான் தெரிகிறது.

2013இல் டேமியன் சாகிறான் (பிறகு உயிரோடு திரும்பினான்). அதற்கு அடுத்து வந்த பேட்மேன் அண்ட் ராபின் 18ஆம் இதழை எடுத்துப் பாருங்கள். டேமியன் எழுதி வைத்த கடிதம் ஒன்றைத் தவிர இதழ் முழுக்க ஒரு வசனம் கிடையாது. புரூஸ் அந்த வீட்டில் நடக்கிறார், இரவில் போய்ச் சண்டை போடுகிறார், திரும்பி வருகிறார். அவ்வளவுதான். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் அந்த இதழைப் பாதியில் மூடி வைத்துவிடுவார்கள். நானும் வைத்தேன்.

அப்புறம், நான் ஸ்பைடர்மேன் வாசகன், அதைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஸ்பைடர்மேனான பீட்டரும் மேரி ஜேனும் 1987இல் கல்யாணம் செய்தார்கள். இருபது வருடம் கழித்து, 2007இல், மே அத்தையின் உயிரைக் காப்பாற்ற அந்தக் கல்யாணத்தையே மெஃபிஸ்டோ என்ற பிசாசுக்குத் தாரை வார்த்தது கதை. மனைவி, பிள்ளை என்று வந்தால் பீட்டர் கிழவனாகிவிடுவான், வாசகன் விலகிவிடுவான் என்ற பயம்தான் காரணம். மஞ்சள் தாள், உங்கள் வாதமும் அந்தப் பயமும் ஒன்றுதான்.

விளைவைப் பாருங்கள். 1998இல் டாம் டிஃபால்கோவும் ரான் ஃபிரென்ஸும் மகள் மேவை வளர்ந்த பெண்ணாக வேறொரு எதிர்காலத்தில் வைத்து ஸ்பைடர்கேர்ள் கதையை ஆரம்பித்தார்கள். நூறு இதழ் ஓடியது. 2024இல் ஜோனதன் ஹிக்மன் அல்டிமேட் ஸ்பைடர்மேனில் பீட்டரை மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவனாகவே ஆரம்பித்தார். முதல் இதழைத் திரும்பத் திரும்ப அச்சடிக்க வேண்டியிருந்தது. குடும்பஸ்தன் பீட்டரை வாசகர்கள் ஒதுக்கவில்லை.

மஞ்சள் தாள்

வலைக்காரன், நீங்கள் காட்டிய இரண்டும் மூலக்கதைக்கு வெளியே நடப்பவை. ஸ்பைடர்கேர்ள் வேறு எதிர்காலம், ஹிக்மனுடையது வேறு உலகம். அங்கே பீட்டர் வயதானவனாக இருக்கலாம், சாகக்கூடச் செய்யலாம், யாருக்கும் நஷ்டமில்லை. பேட்மேனுக்கும் கேட்வுமனுக்கும் பிறந்த ஹெலீனா 1977இல் ஹன்ட்ரஸாக வந்தாளே, அவளும் எர்த் டூ என்ற வேறு பூமியில்தான். நல்ல கதாபாத்திரம். அப்படிச் செய்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, அதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

மூலக்கதையில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு எக்ஸ்மென் குழுவின் சைக்ளாப்ஸைப் பாருங்கள். 1986இல் மகன் நேதன் பிறக்கிறான். அதே வருடம் பழைய எக்ஸ்மென் நண்பர்களை ஒன்று சேர்க்க வேண்டும் என்பதற்காக, மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு சைக்ளாப்ஸ் கிளம்பிப் போவதாக எழுதினார்கள். 1991இல் நோயுற்ற அந்தக் குழந்தையை எதிர்காலத்துக்கு அனுப்பினார்கள். அவன் கேபிள் என்ற வீரனாக, அப்பாவைவிட மூத்தவனாக, நரைத்த தலையோடு நிற்கிறான். எக்ஸ்மென் ரசிகர்கள் இன்றுவரை சைக்ளாப்ஸை மன்னிக்கவில்லை. நல்ல நாயகன் ஒருவனைப் பொறுப்பற்ற தகப்பனாக ஆக்கியதுதான் மிச்சம்.

புத்தக மூட்டை

நான் கொஞ்சம் பழைய ஆள். உங்கள் எல்லாருக்கும் வேதாளரை, அதாவது ஃபேன்டமை, நினைவூட்ட விரும்புகிறேன். ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவி என்று நாம் படித்தோமே, அவரேதான். லீ ஃபால்க் 1936இல் ஆரம்பித்த கதை. பிள்ளை பெறுவதுதான் அங்கே கதையின் அச்சாணி. அப்பா செத்தால் மகன் முகமூடியை மாட்டுகிறான், உண்மை தெரியாதவர்கள் அவரைச் சாகாதவர் என்று நம்புகிறார்கள். நமக்குத் தெரிந்தவர் இருபத்தோராவது வேதாளர். 1977இல் டயானாவைக் கட்டிக்கொண்டார், கொஞ்ச நாளில் கிட், ஹெலோயிஸ் என்று இரட்டைக் குழந்தைகள். எந்த வாசகனும் கோபப்படவில்லை. மண்டையோட்டுக் குகையில் வரிசையாக இருக்கும் அப்பாக்களின் கல்லறைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அடுத்தவன் வருவான் என்பது தெரிந்துதான் இருந்தது. சிக்கல் குழந்தையில் இல்லை, சாவை ஒப்புக்கொள்ளாத கதையில்தான் இருக்கிறது.

கருப்பு மசி

ஐயா, நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். இருபத்திரண்டாவது வேதாளர் முகமூடியைப் போட்டாரா? அந்த இரட்டையர் பிறந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் இளம்பிள்ளைகள்தான். பரம்பரையை அடிப்படையாக வைத்த கதையே இருபத்தோராவது ஆளிடம் வந்து நின்றுவிட்டது. அங்கேயே முடியாதது சூப்பர்மேனின் மெட்ரோபோலிஸில் எப்படி முடியும்?

புத்தக மூட்டை

முகமூடி போடவில்லை, சரி. ஆனால் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் மெல்ல வளர்ந்து வீட்டைவிட்டுப் படிக்கப் போகும் அளவுக்கு வந்துவிட்டார்கள். யாரும் அவர்களைக் கொன்று கதையைச் சுலபமாக்கவில்லை. அந்தப் பொறுமையைத்தான் கேட்கிறேன்.

வலைக்காரன்

ஃபிளாஷ் கதையிலும் அந்தப் பொறுமை கடைசியில் வந்தது. ஃபிளாஷாக இருந்த வாலி வெஸ்டின் இரட்டைக் குழந்தைகள் ஜெய், ஐரிஸ் 2005இல் பிறந்தார்கள். 2011இல் பதிப்பகம் கதைகளைப் புதிதாக ஆரம்பித்த நியூ 52 வந்தபோது குடும்பத்தோடு அழித்தார்கள். வாலி 2016இல் தனி ஆளாகத் திரும்பினார், பிள்ளைகள் கிடைக்க இன்னும் சில வருடம். அதன் பிறகு ஜெரமி ஆடம்ஸ் எழுதிய கதைகளைப் படியுங்கள், வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கும். மூலக்கதைதான், வேறு உலகம் இல்லை.

இரண்டாம் மாடி

மஞ்சள் தாள், மூலக்கதையில் வளர்க்கத் தெரியாது என்று நீங்கள் சொன்னதற்கு ஜானே சாட்சி என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் மகன் ஒன்பது வயதில், 2017இல், சூப்பர் சன்ஸ் படிக்க ஆரம்பித்தான். ஜானுக்குப் பத்து, டேமியனுக்குப் பதின்மூன்று. பெரியவன் அதட்டுவான், சின்னவன் தான் உயரமாக இருப்பதைச் சொல்லி வெறுப்பேற்றுவான். அப்பாக்கள் இருவருக்கும் தெரியாமல் இரவில் ஜன்னல் வழியாகக் கிளம்புவார்கள். என் மகன் தானும் அந்த ஜன்னலில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டான். நான் சேர்ந்து படிக்கவில்லை என்றால் கோபித்துக்கொள்வான்.

2018இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் சூப்பர்மேனை எழுத வந்தார். ஜான் தாத்தா ஜோர்எல்லோடு விண்வெளிக்குப் போனான். திரும்பி வந்தபோது அவனுக்குப் பதினேழு வயது. வேறொரு பூமியில் அல்ட்ராமேன் என்ற வில்லன் அவனை ஒரு எரிமலைக்குள் பல வருடம் அடைத்து வைத்திருந்தானாம். வீட்டில் கிளார்க்குக்கும் லோயிஸுக்கும் சில வாரம்தான் ஓடியிருந்தது. பதினோரு வயதிலிருந்து பதினேழு வரை ஒரு பையன் எப்படி இருப்பான் என்பதை அவன் பெற்றோரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

என் மகனுக்கு அப்போது பதினொன்று. "அம்மா, இவன் என்கூட வளர வேண்டியவன், இப்ப யாரோ அண்ணன் மாதிரி இருக்கான்" என்றான். அதோடு அந்தத் தொடரை நிறுத்திவிட்டான். 2021இல் டாம் டெய்லர் ஜானையே சூப்பர்மேனாக வைத்து எழுதினாரே, அது நல்ல தொடர், நான் வாங்கிப் படித்தேன். அவன் தொடவில்லை.

அதனால் சொல்கிறேன். ஜானைக் கொடுத்தது தவறு என்று சொல்லாதீர்கள். அந்த ஆறு வருடத்தைப் பிடுங்கியதுதான் தவறு. அதற்கான கோபத்தைக் குழந்தை மேல் காட்டுகிறீர்கள்.

மஞ்சள் தாள்

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். சூப்பர் சன்ஸ் நான் படித்ததில்லை. ஜானை நான் முதலில் பார்த்ததே பதினேழு வயதில்தான். அந்தப் பையனை எனக்கு யாரும் குழந்தையாகக் காட்டவில்லை, ஒட்டாமல் போனதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனாலும் என் அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது. டொமாசி ஜானை வளர்ப்பார், அடுத்து வருகிறவர் வளர்ப்பார் என்று யார் உறுதி கொடுப்பது? ஒரு எழுத்தாளர் இரண்டு மூன்று வருடம் இருப்பார். பிள்ளைக்குப் பதினெட்டு வருடம் வேண்டும். பதிப்பகம் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளாதவரை, கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கருப்பு மசி

இதில் எனக்கும் உடன்பாடு. டிம்முக்கும் அந்த உறுதி கிடைத்திருக்க வேண்டும், டேமியனுக்கு மட்டும் அல்ல.

இரண்டாம் மாடி

அந்த உறுதியைக் கேட்பதில் நானும் உங்களோடு வருகிறேன். கொடுக்கவே வேண்டாம் என்பதில் வரமாட்டேன்.

2016 தொடரின் 27, 28ஆம் இதழ்கள் என்னிடம் இரண்டு பிரதி இருக்கின்றன, மஞ்சள் தாள். கென்ட் குடும்பம் வாடகை வண்டி எடுத்துக்கொண்டு நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் கதை. பெரிய வில்லன் யாரும் கிடையாது. பின்சீட்டில் ஜான் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே வருவான். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஒரு பிரதியைத் தபாலில் போடுகிறேன். சூப்பர் சன்ஸ் முதல் தொகுப்பு மட்டும் இரவலாகத்தான் தர முடியும், அது மகனுடையது. அவனைக் கேட்டுவிட்டேன், சரி என்றான்.