சோளகத்துக்கு எதிர சைக்கிள்: சூழலுக்கு நல்ல பயணமா வன்னிக்குள்ள மெல்லப் போன ஆக்கள் உங்கட கதையையும் எழுதுங்கோ

பரந்தன் சந்தி:

2022 இல பெற்றோல் வரிசையில நிண்டு அலுத்துப்போய்த்தான் கொட்டிலுக்குள்ள கிடந்த பழைய சைக்கிளைத் தூசு தட்டினன். வரிசை போச்சு, சைக்கிள் நிண்டிட்டுது. போன ஆனியில மூண்டு நாள் லீவு கிடைச்சுது. பரந்தனிலயிருந்து மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு. பிறகு வட்டுவாகல், புதுக்குடியிருப்பு, விசுவமடுவால திரும்பி வீடு. ஒரு சுத்து 140 கிலோமீற்றர் வரும்.

முதல் பிழை காத்தைப் பற்றி யோசிக்காமல் வெளிக்கிட்டது. ஆனி, ஆடியில ஏ9 றோட்டால தெற்க போனால் சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, நேர மூஞ்சையில. பரந்தனிலயிருந்து மாங்குளம் 40 கிலோமீற்றர் வராது, எனக்கு நாலரை மணித்தியாலம் எடுத்தது. இறக்கத்தில கூட மிதிக்க வேண்டிக்கிடந்தது எண்டால் பாருங்கோ. முறிகண்டியில பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சுப்போட்டு, கச்சான் வாங்கிக் கொறிச்சுக்கொண்டு மரத்துக்குக் கீழ கிடந்திட்டன். பஸ்ஸில வாற சனம் இறங்கி, கும்பிட்டு, கச்சானோட ஏறிப் போகுது. நான் மூண்டு பஸ்ஸைப் பார்த்திட்டுத்தான் எழும்பினன்.

மாங்குளம் வர முதலே பின் சில்லு காத்து இறங்கத் தொடங்கிற்று. இறங்கி அடிப்பன், பத்து நிமிஷத்தில திரும்பவும் சப்பை. ரியூபைக் கழட்டித் தண்ணிக்குள்ள பிடிச்சுப் பார்த்தும் ஓட்டை தெரியேல்லை. கடைசியில ஒரு சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனன். கடைக்கார ஐயா ரியூபைத் தொடவேயில்லை. காத்தை அடிச்சார், விரலில துப்பலைத் தொட்டு வால்வு வாயில வைச்சார். சின்னனா ஒரு குமிழி ஊதி வெடிச்சுது.

"தம்பி, இது ஒட்டுப்போடுற வேலையில்லை. வால்வு ரப்பர் வெக்கையில இத்துப்போச்சு."

சுண்டுவிரல் நகமளவு ரப்பர் குழாய். அதை மாத்திப்போட்டு, என்ர பம்பையும் வாங்கிக் கழட்டினார். உள்ள இருக்கிற தோல் வாசர் கருவாடு மாதிரிக் காய்ஞ்சு கிடந்தது. இரண்டு துளி தேங்காயெண்ணெய் விட்டு விரலால நீவிவிட்டார். பிறகு பாருங்கோ, பம்பு புதுசு மாதிரிப் பிடிக்குது. ரப்பருக்கு மட்டும்தான் காசு வாங்கினவர். இப்ப எங்க போனாலும் வால்வு ரப்பர் நாலு துண்டு பொக்கற்றில இருக்கும்.

இந்த மினக்கேட்டால ஒட்டுசுட்டான் றோட்டில பொழுதுபட்டிட்டுது. சைக்கிள் கைபிடியில ஒரு பை பாலைப்பழம் வேற தொங்குது, றோட்டுக்கரையில வித்த அம்மாவிட்ட வாங்கினது. இரண்டு பக்கமும் காடு, றோட்டில புது யானை லத்தி. இருட்டுறதுக்கிடையில போயிடலாம் எண்டு மிதிச்சால், எதிர லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில வந்தவர் நிப்பாட்டி, "எங்க போறீர்? முன்னால அலியன் யானை நிக்குது" எண்டார். பழப் பையைப் பார்த்திட்டுச் சிரிச்சார். "பாலைப்பழக் காலத்தில நாங்கள் யானையை விடக் கரடிக்குத்தான் பயம். அதுக்கும் உதுதான் சாப்பாடு." சைக்கிளைத் தூக்கிப் பெட்டிக்குள்ள போட்டு, நான் வந்த வழியே தன்ர வீட்டுக்குக் கொண்டுபோனார். அண்டு இரவு புட்டும் தயிரும். பழத்தைப் பிள்ளையள் முடிச்சிட்டினம், வாயெல்லாம் பால் ஒட்டிப்போய் ஒண்டையொண்டு பார்த்துச் சிரிக்குதுகள்.

அடுத்த நாள் முல்லைத்தீவு, அதுக்கடுத்த நாள் வீடு. வட்டுவாகல் பாலத்தில இறங்கி நடந்தன். 2009 இல கடைசிச் சண்டை நடந்த நந்திக்கடல் பக்கம் பார்த்துக்கொண்டு அந்த இடத்தில சைக்கிள் ஓட மனம் வரேல்லை.

ஒண்டு சொல்லோணும். ஒதுங்கப் போறதெண்டாலும் தெரியாத இடத்தில பாவிக்கிற பாதையை விட்டு உள்ள இறங்காதேங்கோ. கண்ணிவெடி எண்டு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதோட திரும்பிடுங்கோ.

அலம்பில் அக்கா:

தம்பி, உங்களுக்குச் சில்லு எண்டாலும் இருந்தது. நான் கதிர்காமப் பாதயாத்திரைக்காரரோட மூண்டு நாள் நடந்தனான். அவை யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில வெளிக்கிட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு எண்டு மாதக்கணக்கா நடக்கிறவை. நான் வற்றாப்பளை அம்மன் கோயிலடியில சேர்ந்து எங்கட ஊர் தாண்டிக் கொஞ்சத் தூரம்.

விடிய மூண்டு மணிக்கு வேலைத் தூக்கிக்கொண்டு "அரோகரா" எண்டு வெளிக்கிடுவினம். பத்து மணிக்கு முதல் நடையை நிப்பாட்டிப்போடுவினம், பிறகு தார் கால் வைக்க விடாது. எனக்கு இரண்டாம் நாளே கொப்புளம். எழுபது வயசு அம்மா ஒராள் வெறுங்காலோட முன்னால போறா. "கெதியாப் போகாத பிள்ளை, கெதியாப் போறவைதான் பாதியில பஸ் ஏறுறவை" எண்டா. நான் மெல்லத்தான் நடந்தனான், எண்டாலும் பஸ்தான் ஏறினன். அதை அந்த அம்மாவுக்குச் சொல்லேல்லை.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு நடந்து வந்தால் இன்னும் நல்லம். கடல் தண்ணியில விளக்கெரியிறதைப் பார்க்கலாம்.

மடு றோட்:

றெயிலை விட்டிட்டியள். 1990 இல நிண்ட றெயில் 2013 இலதான் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது. நான் 23 வருஷம் காத்திருந்து ஏறினவன், அது பிந்தி வந்தாலும் கோவம் வராது.

பழைய கரியர்:

சூழலுக்கு நல்ல பயணமோ? எங்களுக்கு 90களில சைக்கிளை விட்டால் வேற பயணம் இல்லை. பொருளாதாரத் தடை, பெற்றோல் கண்ணால காணேலாது. மோட்டார் சைக்கிளுக்கு ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் ஆக்கிப்போட்டு மண்ணெண்ணெயில ஓட்டினம், பின்னால வெள்ளைப் புகை. அது இல்லாத நாங்கள் கரியரில நெல்லு மூட்டை, பாரில பிள்ளை, பின்னால மனிசி தள்ள, கிரவல் றோட்டால போனம். அப்ப ஒருத்தரும் படம் எடுக்கேல்லை.

கோவமில்லை தம்பி, சும்மா சொன்னன். சைக்கிளில வாற பெடியளைக் கண்டால் எனக்குச் சந்தோசம்தான். இரணைமடுக் குளக்கட்டில நூடில்ஸ் பெட்டியையும் சோடாப் போத்தலையும் எறிஞ்சிட்டுப் போறவை முக்கால்வாசிப் பேர் வான் பிடிச்சு வாறவை.

காத்துக் கதைக்கு வாறன். சோளகத்தில தெற்க போறவன் விசரன். வவுனியா மட்டும் பஸ்ஸில போய், அங்கயிருந்து வடக்க வாரும். வாடைக்கு மறுவளம்.

பரந்தன் சந்தி:

ஐயா, விசரன் எண்டது சரிதான். வாற ஆனியில வவுனியாவில தொடங்கிறன். உங்கட வீடு றோட்டோரமெண்டால் சொல்லுங்கோ, ஒரு பிளேன்ரீக்கு இறங்குவன். பம்புக்கு எண்ணெயும் விட்டுத் தருவன்.