வயோலா ஆடிஷனுக்கு அமெரிக்கா வரை போகத்தான் வேண்டுமா?

காரைக்குடி அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. எட்டு வயதில் வயலின் தொடங்கினாள், மூன்று வருஷமாக வயோலா (வயலின் மாதிரியே, கொஞ்சம் பெரிது, குரல் தாழ்ந்தது). சனிக்கிழமை விடியற்காலைப் பல்லவன் ரயிலில் சென்னைக்கு வகுப்புக்குப் போய், இரவு ரயிலில் திரும்புகிறோம். அமெரிக்காவில் நான்கு இசைக் கல்லூரிகளுக்கு வீடியோ அனுப்பினாள். மூன்றில் முதல் சுற்று தேறிவிட்டாள். அடுத்தது பிப்ரவரியில் ஆடிஷன். நேரிலும் வரலாம், பதிவும் அனுப்பலாம் என்று மூன்று கல்லூரியுமே சொல்கின்றன. உதவித்தொகை வேண்டுமானால் நேரில் போவதே நல்லது என்கிறார் அவளுடைய ஆசிரியர். இரண்டு பேருக்கு டிக்கெட், விசா, தங்கும் செலவு எல்லாம் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல் வருகிறது. கையில் இருப்பது வீட்டு ஓடு மாற்ற எடுத்து வைத்த பணம். வீட்டின் இரண்டாம் கட்டில் (பின்பகுதியில்) மழைக்கு இன்னமும் வாளி வைக்கிறோம். என்ன செய்யலாம்?

கணக்கர்:
போக வேண்டாம் அம்மா. ஐந்து லட்சத்தைவிட அதற்குப் பின்னால் வருவதுதான் எனக்குப் பயம். அங்குள்ள தனியார் இசைக் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுக் கல்விக் கட்டணம் மட்டுமே 50,000 டாலரைத் தாண்டும். பாதி உதவித்தொகை கிடைத்தால் ஊரே பாராட்டும். ஆனால் மீதிப் பாதியும் சாப்பாடும் அறை வாடகையும் உங்கள் தலையில், நான்கு வருஷத்துக்கு. அமெரிக்க அரசின் கல்வி உதவி வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் வாங்கவே முதல் வருஷச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். அதைக் காட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால் ஆடிஷன் பேச்சே வேண்டாம்.

வில்லும் நரம்பும் (திருச்சி):
ஐயா சொல்லும் கணக்கு சரி. ஆனால் உதவித்தொகை எப்படி முடிவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வாசிப்புத் தரம் முதல் விஷயம். அதோடு, அந்த ஆண்டு அவர்கள் இசைக்குழுவில் எந்த வாத்தியத்துக்கு ஆள் குறைகிறது, குறிப்பிட்ட ஆசிரியரிடம் எத்தனை இடம் காலி என்பதும் சேர்ந்துகொள்ளும். வயலினுக்குக் கூட்டம் அதிகம், வயோலாவுக்குக் குறைவு. உங்கள் மகளுக்கு அது நல்ல வாய்ப்பு. நேரில் போனால் அந்த ஆசிரியரிடம் ஒரு மாதிரி வகுப்பு கேட்டு வாங்கலாம். நான்கு வருஷம் கூடவே இருக்கப்போகிற பிள்ளை, ஒரு திருத்தம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறதா என்று அவர் பார்ப்பார். பதிவில் அது தெரியாது.

இன்னொன்று, வயோலாவின் உயிரே அதன் கீழ் சி நரம்புதான். அறையில் நின்று கேட்டால் அது நெஞ்சில் அதிரும். செல்போன் மைக்கில் சளி பிடித்த குரல் மாதிரி ஆகிவிடும்.

கணக்கர்:
அப்படியானால் நல்ல மைக் வாடகைக்கு எடுங்கள், சென்னையில் ஒரு நாள் ஸ்டுடியோவே கிடைக்கும். பத்து தடவை வாசித்து நன்றாக வந்ததை அனுப்பலாம். நேரில் ஒரே தடவைதான். குளிர்காலத்தில் நியூயார்க் நேரம் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை 4 மணி என்றால் பிள்ளையின் உடம்புக்கு நள்ளிரவு 2.30. அந்த நேரத்தில் பாஹ் எழுதிய இசையை வாசிக்கச் சொல்வீர்களா?

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி கணக்கரே, எங்க அய்யா பதினாறு வயசில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாக, போனவர். அந்த ஊர் எப்படி, பாஷை எப்படி என்று ஒன்றும் தெரியாது. அப்படிக் கடல் கடந்து கொண்டுவிக்க (வியாபாரத்துக்கு) போனவர்கள் எல்லாம் முதலில் பாதுகாப்பைப் பார்த்திருந்தால் இந்தப் பக்கம் ஒரு வளவு (பெரிய வீடு) எழும்பியிருக்குமா? பிள்ளை மூன்று வருஷம் ரயிலில் தூங்கிப் படித்திருக்கிறாள். வீட்டு ஓடுகளை அடுத்த கோடையில் மாற்றிக்கொள்ளலாம்.

கணக்கர்:
ஆச்சி, உங்கள் அய்யா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கடைக்குப் போனவர்கள் மூன்று வருஷச் சம்பளம் பேசி, ஒரு பங்கை முன்பணமாக வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். போகிற இடத்தில் கிட்டங்கியில் (கடையும் தங்குமிடமுமான கட்டடத்தில்) படுக்க இடமும் சாப்பாடும் தயாராக இருந்தது. இங்கே போய் வருவதற்கே நம் பணம், அதுவும் முடிவு தெரியாமல். இரண்டும் ஒன்றல்ல.

பள்ளத்தூர் ஆச்சி:
அதைச் சரியென்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆள் நேரில் வராமல் எந்த முதலாளியும் பெட்டிச் சாவியைக் கொடுத்ததில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

தேவகோட்டைக்காரன்:
நாங்கள் போய் வந்தவர்கள், அதனால் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருஷம் முன்பு மகனோடு, வயலினோடு, பதினொரு நாளில் மூன்று கல்லூரி.

முதல் ஊரில் வெளியே பனி, ஓட்டல் அறையில் ஹீட்டர். காற்று அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. நம் ஊர் ஈரத்தில் வளர்ந்த வயலின். காலையில் பெட்டியைத் திறந்தால் நரம்புகள் தளர்ந்து தொங்குகின்றன, அடிப்பலகை ஓரத்தில் விரல்நீளத்துக்கு ஒட்டு விட்டிருக்கிறது. ஆடிஷன் பகல் இரண்டு மணிக்கு. வயலின் பழுதுபார்க்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் ஒட்டிக் கிடுக்கி போட்டுக் காய வைத்துக் கொடுத்தபோது மணி ஒன்றேகால். உள்ளே போனவன் எட்டு நிமிஷத்தில் வெளியே வந்தான். பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று அழுதான். அங்கே பாதியில் நிறுத்துவது சாதாரணம் என்பது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது இடத்தில் அவன் சேர விரும்பிய ஆசிரியர் விடுப்பில் இருந்தார். போன பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது இடத்தில் ஆசிரியர் ஒரே வரியை நான்கு விதமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார், இருபது நிமிஷம் வைத்திருந்தார். உதவித்தொகை அங்கேதான் வந்தது, ஏறக்குறைய பாதிக் கட்டணம். மீதியை எங்களால் புரட்ட முடியவில்லை. இப்போது சென்னையில் படித்துக்கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறான்.

மூன்றுக்கும் போயிருக்கக் கூடாது. அந்த ஒன்றுக்கு மட்டும் போயிருக்க வேண்டும். எந்த ஒன்று என்பதை ஊரிலிருந்தே மின்னஞ்சலில் கேட்டிருக்கலாம். அப்புறம் அக்கா, விமானத்தில் வாத்தியத்தைச் சரக்கில் போடவே போடாதீர்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் காக்கும் குழாய் ஒன்று வாங்கி வையுங்கள்.

கணக்கர்:
தம்பி, மனசு கனக்கிறது. பாதி உதவித்தொகை வந்தும் சேர முடியவில்லை என்பதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

வில்லும் நரம்பும் (திருச்சி):
கட்டணமே இல்லாத இடமும் இருக்கிறது ஐயா. பிலடெல்பியாவில் கர்டிஸ் என்ற இசைக் கல்லூரி 1928 முதல் எந்த மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. உள்ளே நுழைவது மிகமிகக் கடினம் என்பது வேறு விஷயம்.

கணக்கர்:
அங்கேயும் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் பணம் வேண்டும். நம் கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். இசைக்கென்று நம் ஆட்கள் இங்கேயே இடம் உண்டாக்கியிருக்கிறார்கள்.

வில்லும் நரம்பும் (திருச்சி):
மறுக்கவில்லை. ஆனால் அவர் நினைத்தது நம் இசை, தமிழிசை. இந்தப் பிள்ளைக்கு வேண்டியது ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்து வயோலா வாசிக்கும் பயிற்சி. பசிக்கு இட்லி கேட்டவளிடம் நல்ல பட்டுப் புடவையைக் காட்டுகிறீர்கள்.

காரைக்குடி அம்மா:
பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். தேவகோட்டைத் தம்பி சொன்னபடி மூன்று ஆசிரியர்களுக்கும் மகளே எழுதினாள்: இந்த ஆண்டு உங்களிடம் இடம் எத்தனை, பதிவு அனுப்புவதற்கும் நேரில் வருவதற்கும் உதவித்தொகையில் வேறுபாடு உண்டா, ஆன்லைனில் ஒரு வகுப்பு தருவீர்களா என்று. ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர், இடம் ஒன்றுதான், பதிவையும் சமமாகப் பார்ப்போம் என்றார். மூன்றாமவர் அரை மணி நேரம் ஆன்லைனில் பாடம் எடுத்தார். வில் பிடிக்கும் கையில் சுண்டுவிரலைத் தளர்த்தச் சொன்னார், அவ்வளவுதான். அடுத்த முறை வாசித்தபோது அடுப்படியில் இருந்த எனக்கே வேறுபாடு கேட்டது. வரும் ஆண்டு வயோலாவுக்கு மூன்று இடம் காலி, முடிந்தால் வா, கூட இரண்டு நாள் தங்கி வகுப்புகளில் உட்கார் என்றும் சொன்னார்.

அங்கே மட்டும் போகிறோம். கணக்கர் ஐயா, நீங்கள் சொன்ன ஐ-20 கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டோம். கட்டணத்தில் முக்கால் பங்காவது கிடைத்தால்தான் சேர்வது. அதற்குக் கீழே வந்தால் இல்லை என்று மகளிடம் இப்போதே பேசிவிட்டோம். அவளும் தலையாட்டினாள்.

மற்ற இரண்டுக்கும் பதிவு, வீட்டுப் பட்டாலையில் (பெரிய கூடத்தில்). சுண்ணாம்புச் சுவரும் தேக்குத் தூணும் ஒரே எதிரொலி, ஒரு சுரம் முடிவதற்குள் அடுத்தது அதன்மேல் ஏறுகிறது. மாமியாரின் பழைய கண்டாங்கிகள் பதினாறையும் கொடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், இப்போது பரவாயில்லை.

கணக்கர்:
முக்கால் என்ற கோட்டை நீங்களாகவே போட்டீர்களே, அது போதும் எனக்கு. போகவே வேண்டாம் என்பதுதான் இன்னமும் என் கருத்து. ஆனாலும் விசா விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 185 டாலர், மறுத்தால் திரும்ப வராது. வங்கிக் கணக்கு அறிக்கை, பள்ளிக் கடிதம், கல்லூரி அழைப்பு மூன்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு போங்கள். மாதிரிப் பட்டியல் என்னிடம் இருக்கிறது, இன்றிரவு போடுகிறேன்.