மறு: பேஸ்பால் ‘பேட்டிங் ஆவரேஜ்’: ‘சராசரி’ வேண்டாமே

> ‘மட்டையாட்டச் சராசரி’ கிரிக்கெட்டில் ஏற்கெனவே புழங்குகிறது. அதையே பேஸ்பாலுக்கும் வைத்துக்கொள்ளலாம். ‘ஹிட்’ என்பதற்கு ‘அடி’ போதும்.

ஐயா, வணக்கம்.

கிரிக்கெட்டில் புழங்குவதுதான் சிக்கலே. நம் வாசகருக்குச் சராசரி என்றால் ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுப்பது. பிராட்மன் 6996 ஓட்டம், 70 முறை ஆட்டமிழப்பு, ஆக 99.94. பேஸ்பால் கணக்கில் ஓட்டமே வராது. அமெரிக்க ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் 1941இல் கணக்கில் சேரும் 456 முறைகளில் 185 ஹிட் எடுத்தார், 456க்கு 185, அதாவது 0.406. இது விகிதம். ஜப்பானியரும் ‘டாரிட்சு’ என்கிறார்கள். அடி வீதம் என்றுதான் அதற்குப் பொருள்.

அந்த ஆண்டுப் போட்டிப் பருவத்தின் கடைசி நாளையே பாருங்கள். காலையில் வில்லியம்ஸின் கணக்கு 448க்கு 179. வகுத்தால் 0.39955, முழுதாக்கினால் 0.400. அன்று ஆடாமல் உட்கார்ந்திருந்தாலே 0.400 தொட்டவர் என்ற பெருமை கிடைத்திருக்கும். பிலடெல்பியாவில் அன்று நடந்த இரண்டு ஆட்டத்திலும் இறங்கி, எட்டுக்கு ஆறு எடுத்தார். எவ்வளவு பெரிய துணிச்சல்! ‘சராசரி’ என்று எழுதினால் இந்தக் கதை நம்மவருக்குப் புரியவே புரியாது.

அப்புறம் ‘அடி’. பந்தை ஓங்கி அடித்து, அது நேரே ஒருவர் கைக்குப் போனாலும் அடிதான். ஆனால் ஹிட் இல்லை. களத்தில் இருப்பவர் தவறவிட்டதால் தளம் (பேஸ்) சேர்ந்தாலும் ஹிட் இல்லை. அது பிழை என்று ஆட்டப் பதிவாளர் எழுதிவிடுவார். தன் அடியாலேயே தளம் சேர வேண்டும். ‘வெற்றியடி’ என்று இன்னொரு நண்பர் சொன்னது நல்ல எண்ணம்தான். ஆனால் வாயில் தேய்ந்து ‘வெற்றடி’ ஆனால் பொருள் தலைகீழாகிவிடும். ‘பயனடி’யும் சரிப்படாது. தான் அவுட்டாகி இன்னொருவரை ஓட்டம் எடுக்க வைக்கும் தியாக அடியும் பயன் தருவதுதான், அது ஹிட் கணக்கில் சேராது.

என் பரிந்துரை ‘தளவடி’. தளம் + அடி. மகரம் கெட்டு வகரம் வந்தது, இலக்கணத்துக்கும் பொருந்துகிறது. விகிதம் ‘தளவடி விகிதம்’. ஜோ டிமாஜியோ அதே 1941இல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஒன்றுகூட விடாமல் ஹிட் அடித்தாரே, அது ‘தளவடித் தொடர்’.

வகுக்கும் எண்ணுக்கும் ஒரு பெயர் வேண்டும். வில்லியம்ஸ் அந்த ஆண்டு மட்டையோடு வந்து நின்றது 606 முறை. 147 முறை நான்கு பந்துகள் வெளியே போனதால் முதல் தளம் சும்மா கிடைத்தது, 3 முறை பந்து உடம்பில் பட்டது. இவை போக மிச்சம் 456. முன்னதை ‘வருமுறை’ என்றும் பின்னதைக் ‘கணக்குமுறை’ என்றும் சொல்லலாம். ‘அடிமுறை’ எனக்கும் முதலில் தோன்றியது. அது தென் தமிழகத்துத் தற்காப்புக் கலையின் பெயர், அதைத் தொட வேண்டாம்.

எழுதிப் பார்த்தேன்: “2004இல் ஜப்பானிய வீரர் இச்சிரோ 704 கணக்குமுறைகளில் 262 தளவடிகள் எடுத்து, ஜார்ஜ் சிஸ்லர் 1920இல் வைத்த 257ஐக் கடந்தார், தளவடி விகிதம் 0.372.” படிக்கும்போது எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.