சனிக்கிழமை லாங் ரன், ஞாயிறு பழவேற்காடு: சரிப்படுமா?

கேள்வி: வீடு தண்டையார்பேட்டை. ஜனவரியில் மாரத்தான், 42.195 கி.மீ. ஓடணும். ஞாயிறு பிள்ளைகளோட பழவேற்காடு ஏரி மாதிரி வெளியே போற நாள். லாங் ரன்னை, அதாவது வாரம் ஒருமுறை ஓடுற நீண்ட தூர ஓட்டத்தை, எங்கே வைக்கிறது?

பதில் 1: சனிக்கிழமைதான் தலைவரே. விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புங்க. வெயில் ஏறினா அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு எகிறும். எண்ணூர் விரைவுச் சாலை வேண்டாம், கன்டெய்னர் லாரி ஓயாது. வீட்டைச் சுற்றி 5 கி.மீ. சுற்று போட்டா தண்ணி வாசல்லயே கிடைக்கும். 1 லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுசா 1 லிட்டர் தண்ணியில கலக்குங்க. அரை லிட்டர்ல கலந்தா உப்பு கூடிப்போய் வயிறு கலங்கும்.

பதில் 2: வாரம் 4 நாள் ஓட்டம் போதும். ஒவ்வொரு நாலாவது வாரமும் தூரத்தை கால்வாசி குறைங்க, வெளியூர்ப் பயணத்தை அந்த வாரத்துல வைங்க. தவறின லாங் ரன்னை அடுத்த வாரத்தோட சேர்க்காதீங்க, முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி ஆரம்பிக்கும்.

பதில் 3: மறுநாள் பழவேற்காடு போறது சரி. மணல்ல வெறுங்காலோட பந்து விளையாட்டு வேண்டாம். களைச்ச கெண்டைக்கால் பிடிச்சுக்கும். அப்புறம், ஓடிட்டு வந்து சனிக்கிழமை முழுக்கத் தூங்கினா வீட்ல அனுமதி ரத்து! அரைமணி நேரத்துல இட்லி, முட்டை சாப்பிட்டு மார்க்கெட் வேலையை நீங்களே எடுத்துக்குங்க.