மறு: டிசைஃபர்மென்ட் – ‘எழுத்துத் துலக்கல்’ என்று வைக்கலாமா?

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழம்பாரசீக ஆப்பெழுத்தை முதலில் ஓரளவு படித்துக் காட்டிய ஜெர்மானியர் கியார்க் ஃபிரீட்ரிக் கிரோட்டஃபெண்ட் பற்றிய வாழ்க்கைக் குறிப்பின் வரைவை நேற்று முழுதாகப் படித்தேன். நல்ல உழைப்பு. ஆனால் அவர் பெயர் இன்றைக்கும் நினைக்கப்படுவதற்குக் காரணமான அந்த ஒரு செயலுக்கு, அதாவது யாருக்கும் படிக்கத் தெரியாமல் போன எழுத்தைப் படித்தறியும் ‘டிசைஃபர்மென்ட்’ என்பதற்கு, வரைவில் நிலையான சொல் இல்லை. ஓரிடத்தில் ‘மறைகுறி நீக்கம்’, இன்னோரிடத்தில் ‘எழுத்துடைப்பு’, வேறோரிடத்தில் வெறும் ‘வாசிப்பு’. இந்த மூன்றில் எதுவும் சரிவராது என்று நினைக்கிறேன். ஏன் என்பதை அவர் கதையை வைத்தே சொல்கிறேன்.

1802-இல் அவருக்கு வயது 27. கோட்டிங்கன் நகரில் பள்ளி ஆசிரியர். அவர் கற்றவை கிரேக்கமும் லத்தீனும். கீழைமொழிகளில் தேர்ந்தவர் அல்ல. ஒரு நண்பரோடு போட்ட பந்தயத்தில்தான் இதில் இறங்கினார் என்று சொல்வார்கள். கையில் இருந்தவை கார்ஸ்டன் நீபூர் என்ற பயணி 1765-இல் பழைய பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸின் இடிபாடுகளில் பார்த்து எழுதிக்கொண்டு வந்த கல்வெட்டுப் படிகள். ஆப்பு வடிவக் கீறல்களால் ஆன அந்த ஆப்பெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர்கூட உலகில் இல்லை. பக்கத்தில் வைத்து ஒப்பிட, தெரிந்த மொழியில் ஒரு பெயர்ப்பும் இல்லை. பின்னால் எகிப்திய எழுத்தைப் படித்த சாம்போலியனுக்கு ரொசெட்டா கல்லில் கிரேக்கப் பகுதி கிடைத்தது. கிரோட்டஃபெண்டுக்கு அந்த வசதி கிடையாது.

அவர் செய்தது இதுதான். சாய்ந்த ஒற்றை ஆப்பு சொற்களைப் பிரிக்கும் குறி என்று டைக்சன், முன்ட்டர் என்ற அறிஞர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். பாரசீகத்தைப் பிற்காலத்தில் ஆண்ட சாசானிய மன்னர்களின் கல்வெட்டுகளை சில்வெஸ்தர் த சசி என்ற பிரெஞ்சு அறிஞர் படித்திருந்தார். அவற்றில் ‘இன்னார், பேரரசன், அரசர்க்கரசன், இன்னாரின் மகன்’ என்ற வாய்பாடு வரும். பழைய கல்வெட்டுகளிலும் அதே வாய்பாடு இருக்கலாம் என்று கிரோட்டஃபெண்ட் ஊகித்தார். இரண்டு சிறு கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டார். ஏழு குறிகள் கொண்ட ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. அது ‘அரசன்’ ஆக வேண்டும். ஒரு கல்வெட்டில் தந்தையின் பெயரோடும் ‘அரசன்’ இருக்கிறது. மற்றதில் தந்தையின் பெயரோடு அது இல்லை. முதல் கல்வெட்டில் தந்தையாக வருபவரே மற்றதில் அரசராக வருகிறார். அப்படியானால் தாத்தா அரசர் அல்லர், மகனும் பேரனும் அரசர்கள்.

இந்த இடத்தில் அவர் படித்த கிரேக்கம் கைகொடுத்தது. எந்தப் பாரசீகக் குடும்பம் இப்படி? சைரசும் கேம்பைசஸும் என்றால் இரண்டு பெயரும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும். கல்லில் அப்படி இல்லை. எனவே ஹிஸ்டாஸ்பஸ், அவர் மகன் டேரியஸ், பேரன் செர்க்சஸ். ஹிஸ்டாஸ்பஸ் அரசாளவில்லை என்பது கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸைப் படித்தவர்களுக்குத் தெரியும். அவ்வளவுதான், கதவு திறந்தது. ஒரு பள்ளி ஆசிரியரின் அன்றாடப் பாடப் படிப்பு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கல்லைப் பேசவைத்தது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

‘மறைகுறி’ என்றால் ஒருவர் வேண்டுமென்றே மறைத்தது. டேரியஸ் எதையும் மறைக்கவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் அரண்மனையில் வெட்டினார். மறந்தது உலகம். அந்தச் சொல் கணினிப் பாதுகாப்புத் துறைக்கே இருக்கட்டும். ‘எழுத்துடைப்பு’ ஒரே அடியில் முடிந்துவிட்டதைப் போலச் சொல்கிறது. நடந்தது அது அல்ல. கிரோட்டஃபெண்ட் பத்துக் குறி அளவில்தான் சரியாகக் கண்டார். டேரியஸ் பெயரை ‘தார்ஹேவுஷ்’ என்றும் ஹிஸ்டாஸ்பஸ் பெயரை ‘கோஷ்டாஸ்ப்’ என்றும் படித்தார். பாதி சரி, பாதி தவறு. 1826-இல் ராஸ்க், 1836-இல் பூர்னூஃபும் லாசனும், அப்புறம் ஈரானின் பெஹிஸ்துன் மலைக் கல்வெட்டோடு ராலின்சன் என்று பலர் கைபட்டுத்தான் முழுதும் தெளிந்தது. ‘வாசிப்பு’ என்றாலோ, ஏற்கெனவே தெரிந்த எழுத்தைப் படிப்பதற்கும் இதற்கும் வேறுபாடே இல்லாமல் போகிறது.

அதனால் என் முன்மொழிவு ‘எழுத்துத் துலக்கல்’. பாத்திரம் துலக்கும்போது கறை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். உள்ளே இருப்பது புதிதாக வருவதில்லை, இருந்ததே தெரிகிறது. ‘துப்புத் துலக்குதல்’ என்று நாம் எல்லோரும் சொல்வதால், ஊகித்துக் கண்டுபிடிக்கும் பொருளும் இதில் ஏறியிருக்கிறது. வினையாகவும் நன்றாக வளைகிறது: அவர் எழுத்தைத் துலக்கினார்; எழுத்து துலங்கியது; சிந்துவெளி எழுத்து இன்னும் துலங்கவில்லை. ‘துலங்கா எழுத்து’ என்பது நமக்கு நாளும் தேவைப்படுகிற சொல்.

வீட்டுப் புழக்கச் சொல், கல்வெட்டியலுக்கு எடுப்பாக இருக்காது என்று குழுவில் ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். எனக்கு அதுவே இதன் பலமாகத் தெரிகிறது. பள்ளிப் பிள்ளைக்கு விளக்கம் சொல்லாமலே புரியும். நான் பார்க்கிற உண்மையான சிக்கல் வேறு. பாடநூல்களில் ‘தூண்டல், துலங்கல்’ என்ற இணை வேறு பொருளில் (stimulus, response) நிலைத்துவிட்டது. ஆகவே பெயர்ச்சொல்லாகத் ‘துலங்கல்’ வேண்டாம், ‘துலக்கல்’ மட்டும் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

வரைவில் இன்னொரு திருத்தம். 1803-இல் அவர் ‘பிராங்பர்ட் உடற்பயிற்சிக்கூடத்தில்’ சேர்ந்ததாக இருக்கிறது. ஜெர்மனியில் ஜிம்னாசியம் என்பது பல்கலைக்கழகப் படிப்புக்கு ஆயத்தப்படுத்தும் மேல்நிலைப் பள்ளி. ‘ஜிம்னாசியப் பள்ளி’ என்று எழுதினால் குழப்பம் வராது. அவர் 1821 முதல் 1849 வரை தலைமையாசிரியராக இருந்த ஹனோவர் லைசியமும் அதே வகைதான். அங்கே இருந்தபடியே பண்டை இத்தாலியின் உம்பிரிய, ஆஸ்கன் மொழிகளைப் பற்றி நூல்கள் எழுதினார்; இவை வரைவில் இல்லை, சேர்க்க வேண்டும். 1817-இல் பிராங்பர்ட்டில் ஜெர்மன் மொழி ஆய்வுக்கென ஒரு சங்கம் தொடங்கியதையும் விட்டுவிடக் கூடாது.

ஆப்பெழுத்தைப் பற்றி அவர் கொடுத்த கட்டுரையைக் கோட்டிங்கன் அறிவியல் கழகம் முழுதாக அச்சிடவில்லை. 1805-இல் வரலாற்றாசிரியர் ஹீரனின் நூலுக்குப் பின்னிணைப்பாகத்தான் அவர் விளக்கம் வெளிவந்தது. கழகத்துக்குக் கொடுத்த மூலக் கட்டுரைகள் அச்சேறியது 1893-இல், அவர் இறந்து 40 ஆண்டு கழித்து. இதற்குத் தனிப் பத்தியே கொடுக்கலாம்.

முதல் வரியை இப்படி மாற்றிப் பார்த்தேன்: ‘கியார்க் ஃபிரீட்ரிக் கிரோட்டஃபெண்ட் (1775–1853), ஜெர்மானியச் செம்மொழி அறிஞர், பள்ளித் தலைமையாசிரியர், பழம்பாரசீக ஆப்பெழுத்தை முதன்முதலில் ஓரளவு துலக்கியவர்.’ அந்த ‘ஓரளவு’ இயல்பாக உட்காருகிறதா என்று படித்துச் சொல்லுங்கள். மாற்றுச் சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன்பின் வரைவு முழுவதிலும் ஒன்றாக மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்.