புது போனில் பேசினால் எதிர்முனைக்குக் கேட்கவில்லை, ‘பழுது இல்லை’ என்று மாற்றித் தர மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பவானிக்கரை (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. அப்பாவுக்காக ஆன்லைனில் 17,499 ரூபாய்க்கு ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டோம். அப்பா பவானியில் ஜமக்காளம் நெய்து விற்கிறார். ஆர்டர் எல்லாமே போனில்தான். சேலத்திலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கடைக்காரர்கள் கூப்பிட்டு அளவு, நிறம், எத்தனை உருப்படி என்று சொல்வார்கள், இவர் திருப்பிச் சொல்லி உறுதி செய்வார்.

பிரச்சினை இதுதான். போனைக் காதில் வைத்துப் பேசினால் சில அழைப்புகளில் அவர் குரல் எதிர்முனைக்குப் போவதே இல்லை. அவர்கள் பேசுவது இவருக்கு நன்றாகக் கேட்கிறது. ஸ்பீக்கர் போட்டால் அவர்களுக்கும் கேட்கிறது. எல்லா அழைப்பிலும் இப்படி இல்லை. காலையில் சரியாக இருக்கும், மதியத்துக்கு மேல் ஆரம்பிக்கும். இரண்டு கடைக்காரர்கள் “போன் எடுத்துட்டுப் பேச மாட்டேங்கறீங்களே” என்று கோபித்துக்கொண்டார்கள்.

வாங்கிய தளத்தில் ‘7 நாளுக்குள் மாற்றித் தரப்படும், பணம் திரும்பக் கிடைக்காது’ என்று போட்டிருக்கிறது. புகார் கொடுத்ததும் ஒரு ஆப்பை இறக்கி டெஸ்ட் செய்யச் சொன்னார்கள். மைக் டெஸ்ட் பாஸ் என்று வந்தது. உடனே ‘பழுது எதுவும் இல்லை’ என்று கோரிக்கையை மூடிவிட்டார்கள். ஈரோட்டில் இருக்கிற கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தால், கொண்டு வாருங்கள், பிரித்துப் பார்த்துச் சரிசெய்து தருகிறோம் என்கிறார்கள். புதுசாக வாங்கிய போனை ஏன் பிரிக்க வேண்டும் என்பது என் கேள்வி. எனக்கு வேண்டியது மாற்று போன். அந்த 7 நாள் நாளை மறுநாள் முடிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கத்தரிவெயில்:

மைக் பிரச்சினை என்றால் சின்ன வேலைதான் சகோ. வாரண்டியில் இலவசமாகவே செய்துவிடுவார்கள். எதற்கு அலைச்சல்? ஒரு ரீசெட் போட்டுப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் சர்வீஸில் கொடுத்துவிடுங்கள்.

சால்டரிங்_சாமி:

பவானிக்கரை, தயவுசெய்து அவசரப்பட்டுப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். பல வருடம் சர்வீஸ் சென்டரில் பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் சொல்கிறேன். கெடு முடியும் முன்னால் போனைத் திறந்து பார்ட் மாற்றிவிட்டால், விற்றவர் ‘பழுது நீக்கப்பட்டது’ என்ற ஒரே வரியில் உங்கள் கோரிக்கையை முடித்துவிடுவார். முதலில் பழுது இருக்கிறது என்பது எழுத்தில் வர வேண்டும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு ஓரளவு புரிகிறது. இப்போது வரும் போன்களில் குறைந்தது இரண்டு மைக் இருக்கும். கீழே சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று, மேல் விளிம்பில் ஒன்று. காதில் வைத்துப் பேசும்போது கீழ் மைக்தான் குரலை எடுக்கும், மேல் மைக் சுற்றுப்புறச் சத்தத்தைக் குறைக்க உதவும். ஸ்பீக்கர் போட்டால் நிறைய மாடல்களில் மேல் மைக்கும் வேலைக்கு வரும். ஸ்பீக்கரில் கேட்கிறது, காதில் வைத்தால் கேட்கவில்லை என்றால் சந்தேகம் முதலில் கீழ் மைக் மேல்தான் விழும். அது சார்ஜிங் போர்டில், நாங்கள் சப் போர்டு என்று சொல்வோமே, அதில் இருக்கும். அங்கிருந்து மெயின் போர்டுக்குப் போகும் பட்டைக் கேபிள் சரியாக உட்காராமல் இருந்தால், போன் சூடேறும்போதோ கையில் அழுத்திப் பிடிக்கும்போதோ தொடர்பு விட்டு விட்டு வரும். மதியத்துக்கு மேல் ஆரம்பிக்கிறது என்கிறீர்களே, அது இதோடு பொருந்துகிறது.

அந்த ஆப் ஏன் பாஸ் என்றது என்றால், அது ஓரிரு நொடிதான் குரலைப் பதிவு செய்யும். அந்த நொடியில் மைக் வேலை செய்தால் பாஸ். விட்டு விட்டு வரும் பழுதை அது பிடிக்காது.

இன்றைக்கே இதைச் செய்யுங்கள். உறையைக் கழற்றிவிட்டு, கீழே இருக்கிற மைக் துளையை ஸ்டிக்கரோ கவரோ மறைக்கவில்லை என்று பாருங்கள். பின் எதையும் உள்ளே விட்டுக் குத்தாதீர்கள். அப்புறம் வேறு சிம் போட்டுப் பேசிப் பாருங்கள், வாட்ஸாப் அழைப்பிலும் பாருங்கள். சாதா அழைப்பில் மட்டும் வந்தால் நெட்வொர்க் மேல் பழி போடுவார்கள், இரண்டிலும் வந்தால் அந்த வாயை அடைத்துவிடலாம். சேஃப் மோடில் போட்டும் ஒருமுறை பேசுங்கள், வெளியிலிருந்து இறக்கிய ஆப் எதுவும் காரணம் இல்லை என்று தெரிந்துவிடும். வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டு, வெயில் நேரத்தில் ஒரு பத்து நிமிடம் விடாமல் பேசிப் பதிவு செய்யுங்கள். குரல் நடுவில் அறுந்தால் அந்தக் கோப்பு ஒன்றே போதும், சிம், நெட்வொர்க் எதுவுமே அதில் சம்பந்தப்படவில்லை.

கடைசியாக இன்னொரு போனில் வீடியோ எடுங்கள். முதலில் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணை, காட்டுங்கள், பெட்டியில் இருக்கும் எண்ணையும் பில்லில் இருக்கும் எண்ணையும் காட்டுங்கள், அப்படியே வெட்டாமல் அழைப்புப் போட்டுக் காட்டுங்கள். இடையில் நிறுத்தி எடுத்த வீடியோவை வேறு போன் என்று தள்ளிவிடுவார்கள்.

இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு ஈரோடு போங்கள். கவுண்டரில் இருக்கிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பார்த்து எழுதிக் கொடுங்கள், பிரிக்க வேண்டாம். ஜாப் ஷீட்டில், அதாவது அவர்கள் பழுதை எழுதித் தரும் சீட்டில், ‘மைக் பிரச்சினை’ என்று மொட்டையாக எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ‘காதில் வைத்துப் பேசும்போது விட்டு விட்டு எதிர்முனைக்குக் குரல் போகவில்லை’ என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. வாங்கிய சில நாளிலேயே வந்த பழுது என்று அவர்கள் உறுதி செய்தால் பல கம்பெனிகள் டிஓஏ சான்று, அதாவது போன் வந்தபோதே பழுதாக இருந்தது என்ற சான்று, தருவார்கள். அது கையில் இருந்தால் விற்றவர் மறுப்பது கடினம். போகும்போது பெட்டி, சார்ஜர், கேபிள், சிம் பின் எல்லாம் சேர்த்தே எடுத்துப் போங்கள், ஒன்று குறைந்தாலும் டிஓஏ கொடுக்க யோசிப்பார்கள். பழுது தெரியவில்லை என்று சொன்னால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். வெறும் கையோடு திரும்பாதீர்கள்.

உள்ளூர்க் கடையில் கொடுத்துத் திறந்து பார்க்கவே வேண்டாம். ஒருமுறை வெளியாள் திறந்தது தெரிந்தால் வாரண்டியையே மறுப்பார்கள்.

கத்தரிவெயில்:

இது எனக்குத் தெரியாத விவரம் சாமி அண்ணா. பிரித்தால் கோரிக்கை மூடிவிடும் என்பது நல்ல எச்சரிக்கை.

பவானிக்கரை:

சாமி அண்ணா, மிக்க நன்றி. சொன்னபடி செய்தேன். வாட்ஸாப் அழைப்பிலும் வருகிறது, வேறு சிம்மிலும் வருகிறது. ரெக்கார்டரில் பேசியதில் நடுவில் இரண்டு இடத்தில் சுத்தமாகச் சத்தமே இல்லை, பிறகு திரும்ப வருகிறது. வீடியோவும் எடுத்துவிட்டேன். நாளை காலை ஈரோடு போகிறேன்.

ஒரு கவலை. தளத்தில் மறுபடி கோரிக்கை போடப் போனால், ‘ஏற்கனவே முடிக்கப்பட்டது’ என்று பட்டனே வேலை செய்யவில்லை. சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்குவதற்குள் 7 நாள் முடிந்துவிட்டால் என் உரிமை போய்விடுமா?

படிக்காசு:

போகாது. நான் எங்கள் ஊர் நுகர்வோர் அமைப்பில் மனு எழுத உதவுகிறவன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் காரியம், நாளை காலைக்குக் காத்திருக்காமல் இன்று இரவே எழுத்தில் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள். பட்டன் வேலை செய்யாவிட்டால் என்ன, ஈமெயில் இருக்கிறது. ஒவ்வொரு விற்பனைத் தளமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் அடிப்பகுதியில் தேடினால் கிடைக்கும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆர்டர் எண், ஐஎம்இஐ, பழுது எப்போது தெரிந்தது, முதல் கோரிக்கை எந்தத் தேதியில் மூடப்பட்டது, உங்களுக்கு என்ன வேண்டும் (மாற்று போன் என்று தெளிவாக) எல்லாம் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். ரெக்கார்டிங்கை இணைத்துவிடுங்கள். பில்லில் விற்றவர் பெயர் வேறாக இருக்கும், அவர் முகவரியையும் குறிப்பிடுங்கள். 7 நாள் முடிவதற்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்பதற்கு அந்த ஈமெயிலின் தேதியே சாட்சி. மூடப்பட்ட கோரிக்கையின் ஸ்கிரீன்ஷாட்டையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று அதே விதிகளில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், பில்லில் சொன்ன காலத்துக்குள், காலமே சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். குறை இருப்பதை நாம் காட்ட வேண்டும். மனம் மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் இது பொருந்தாது. சாமி அவர்கள் சொன்ன ஜாப் ஷீட் அதனால்தான் தங்கம்.

ஈமெயிலுக்குச் சரியான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது, கம்பெனிக்கு அனுப்பி பதில் வாங்கித் தருவார்கள். ஆனால் அங்கே பதிவானதும் கம்பெனிகள் பேசும் தொனி மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஈரோட்டிலேயே, வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பழுது தெரிந்ததிலிருந்து 2 வருடம் அவகாசம் இருக்கிறது. இப்போது இ-ஜாக்ருதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். 3 மாதத்தில், பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட இழுக்கும். 17,499 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். ஒரு தொழிலாளி தன் பிழைப்புக்காக வாங்கிய போன் அது.

தறியோசை:

நான் சொல்ல வந்தது மாற்று போன் வரும் நாளைப் பற்றி. இந்தப் பழுதான போனைத் திருப்பிக் கொடுக்கும் முன் வாட்ஸாப் பேக்கப், போட்டோ, தொடர்பு எண்கள் எல்லாம் எடுத்துவிட்டு, கூகுள் கணக்கை நீக்கிய பிறகுதான் ரீசெட் போட வேண்டும். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் போன் பூட்டிக்கொள்ளக்கூடும், அப்படி ஆனால் வாங்க வருகிறவர் எடுக்க மாட்டார். அப்பா யுபிஐ பயன்படுத்தினால் புது போனில் அதே சிம்மைப் போட்டு மறுபடி பதிவு செய்ய வேண்டும், ஆர்டர் பணம் வரும் நாளாகப் பார்த்து மாற்றாதீர்கள்.

எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பழைய போன் பொதுவாகத் திரும்பி வராது. அதனால் ‘பணம் தருகிறோம்’ என்று அவர்கள் இறங்கி வந்தால், எக்ஸ்சேஞ்ச் மதிப்பும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேட்டுவிட்டே ஒத்துக்கொள்ளுங்கள்.

புது போன் வந்ததும் பெட்டியில் உள்ள ஐஎம்இஐயும் *#06# அடித்தால் வருகிற எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, 15 இலக்க ஐஎம்இஐயைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது எந்த கம்பெனி, எந்த மாடல் என்று பதில் வரும். பிறகு அந்தப் புது எண் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். பழைய எண்ணே பில்லில் இருந்தால் அடுத்த வருடம் வாரண்டி கேட்கும்போது தகராறு வரும். முதல் நாளே, காதில் வைத்து, மதிய நேரத்தில், நீளமாக ஒரு அழைப்பாவது பேசிப் பார்த்துவிடுங்கள். மாற்றி வந்ததிலும் பழுது இருந்தால் உடனே புகார் போட வேண்டும்.