ஃபோர் லோ போட்டும் ஈர மண் ஏற்றத்தில் நின்றுவிட்டது: டயரை மாற்றவா, ஓட்டும் விதத்தை மாற்றவா?

கீழ்மலை மிளகு எழுதியது:

வணக்கம். தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஏழு ஏக்கர் தோட்டம். காபி, மிளகு, ஊடே மலைவாழை. தார் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதை. அதில் கடைசி இருநூறு மீட்டர்தான் வில்லங்கம். செங்குத்தான ஏற்றம், பாதி தூரத்தில் ஒரு வளைவு, வளைவின் வலது ஓரம் பக்கத்துத் தோட்டத்துக்குள் இறங்கும் சரிவு.

வண்டி இசுசு வி-கிராஸ் பிக்கப், 2017 மாடல், மேனுவல் கியர். பழைய வண்டியாக வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. போன ஜூலையில் நான்கு டயரும் புதிதாகப் போட்டேன். சத்தம் வராது, மைலேஜ் கிடைக்கும் என்று கடையில் சொன்னதால் எச்.டி. வகை, அதாவது தார் ரோட்டு டயர். பட்டன் (டயரின் மேல்கட்டைகள்) நன்றாகவே இருக்கிறது. காற்று நான்கிலும் 36 பவுண்டு.

நவம்பர் இரண்டாம் வாரம் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை வெயில் அடித்தது. வாழைத்தார் ஏற்றி வரலாம் என்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பின்னால் தொட்டி காலி. மண் பாதை தொடங்கும் இடத்திலேயே ஃபோர் ஹை, அதாவது நாலு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும் நிலை, போட்டுவிட்டேன். வளைவு வரை ஏறியது. அங்கே டிராக்டர் ஏறி இறங்கி ஆழமாகத் தடம் விழுந்திருக்கிறது. வலது முன் டயர் அதில் இறங்கியதும் வண்டி நின்றுவிட்டது. நியூட்ரல் போட்டு, ஃபோர் லோவுக்கு (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை) மாற்றி, முதல் கியரில் மிதித்தேன். வலது முன் சக்கரமும் இடது பின் சக்கரமும் மட்டும் சுற்றின. மற்ற இரண்டும் அசையவில்லை. அப்பா இறங்கி நின்று பார்த்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும். இன்னும் மிதித்தேன். பின்பக்கம் சரிவை நோக்கி ஒரு அடி வழுக்கியது. அப்பா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இன்ஜினை அணைத்து, கியரில் விட்டு, கல் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்துப் பக்கத்துத் தோட்டத்து ஜீப் மேலிருந்து இறங்கி வந்தது. முப்பது வருஷப் பழைய வண்டி, டயரில் இரும்புச் சங்கிலி சுற்றியிருந்தார்கள். கயிறு கட்டி, ரிவர்ஸிலேயே எங்களை மேலே இழுத்துக்கொண்டு போனது.

நாலு சக்கரமும் இழுக்கும் என்றுதானே இந்த வண்டியை வாங்கினேன், ஏன் இரண்டு மட்டும் சுற்றின? தார், மண் இரண்டுக்குமான ஏ.டி. டயர் போட்டால் போதுமா, சேற்றுக்கான எம்.டி. வேண்டுமா? வாரம் இரண்டு முறை திண்டுக்கல் போகிறேன், ஓட்டத்தில் முக்கால்வாசிக்கு மேல் தார் ரோடுதான். அப்புறம், லோடு ஏற்றிக்கொண்டு அதே பாதையில் இறங்குவதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போடிமெட்டு ஜீப் எழுதியது:

தம்பி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினீர்கள் பாருங்கள், அன்றைக்குச் செய்ததில் அதுதான் பெரிய காரியம். அங்கே இன்னும் இரண்டு முறை மிதித்திருந்தால் இப்போது நாம் வேறு விஷயம் பேசிக்கொண்டிருப்போம்.

நான் 22 வருஷமாகப் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி ஜீப் ஓட்டுகிறேன். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு இருந்தாலும் அது தார் ரோடு, கண்ணை மூடிக்கொண்டு வரும். அதற்கு மேல் தோட்டத்துக்குள் போகும் பாதைகள்தான் உங்கள் பாதை மாதிரி.

உங்கள் வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. ஃபோர் வீல் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். ஆக்சில் ஒவ்வொன்றின் நடுவிலும் கிரவுன் என்கிற பல்சக்கரப் பெட்டி இருக்கிறதல்லவா, அது இடதுக்கும் வலதுக்கும் இழுவையைச் சரிபாதியாகத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் சேற்றில் சும்மா சுற்றுகிறது என்றால், அதைச் சுற்ற எவ்வளவு பலம் வேண்டுமோ அதே அளவுதான் மறுபக்கத்துக்கும் போகும். சேற்றில் சுற்ற என்ன பலம் வேண்டும்? ஒன்றுமில்லை. அதனால் கெட்டித் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் ஒன்றுமில்லை. வலது முன் டயர் பள்ளத்தில் இறங்கியபோது அதற்கு நேர் குறுக்கே இருக்கும் இடது பின் டயரும் பாரம் குறைந்து மிதந்திருக்கும். அந்த இரண்டும்தான் சுற்றியிருக்கின்றன. டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி பின் கிரவுனை லாக் செய்யும் வசதி இருந்தால் பின்னால் இரண்டும் சேர்ந்து சுற்றியிருக்கும். உங்கள் வண்டியில் அது கிடையாது. சுற்றும் சக்கரத்தை மட்டும் தானாகப் பிரேக் பிடிக்கும் ஏற்பாடு சில வண்டிகளில் உண்டு. அது இல்லாத வண்டியில் நாங்கள் ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்துவிட்டு மெதுவாக மிதிப்போம். சுற்றும் பின் சக்கரம் கொஞ்சம் இறுகும், மறு சக்கரத்துக்குக் கொஞ்சம் பலம் போகும். எல்லா இடத்திலும் பலிக்காது, பலித்தும் இருக்கிறது.

ஃபோர் லோ விஷயத்தில் எல்லோருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது. லோவில் இழுவை ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகும். பிடிமானம் இம்மிகூட அதிகமாகாது. பாறை, சரளை என்றால் முதல் கியர் சரி. வழுக்கும் மண்ணில் அவ்வளவு இழுவையை டயருக்குக் கொடுத்தால் அது சுற்றத்தான் செய்யும். அங்கே லோவில் இரண்டாம் கியர், சில இடத்தில் மூன்றாம் கியர். லோ போடுவதையும் ஏற்றம் தொடங்கும் முன்னாலேயே சமதரையில் நிறுத்திப் போட்டுவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் நின்று மாற்றினால் வந்த வேகம் போய்விடும், அதே வழுக்கலில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது காற்று. 36 பவுண்டு வைத்துக்கொண்டு ஈர மண்ணில் ஏறுவது, சோப்புத் தண்ணீரில் செருப்போடு நடப்பது மாதிரி. 22க்கு இறக்குங்கள். நான் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டு வாசலில் சிமெண்ட் தரை இருந்தால் டயரை நனைத்து உருட்டி நிறுத்தி, தரையில் படும் அடையாளத்தைப் பாருங்கள். அப்புறம் காற்றை இறக்கிவிட்டு அதே மாதிரி பாருங்கள். அகலம் பெரிதாக மாறாது, நீளம் கூடும். கல்லையும் வேரையும் டயர் கவ்விக்கொள்வதும் அப்போதுதான். தார் ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் மறுபடி அடித்துவிட வேண்டும். காற்றுக் குறைந்த டயரில் திண்டுக்கல்லுக்கு ஓட்டினால் சூடேறி வெடிக்கும். பேட்டரியில் நேராக கிளிப் மாட்டும் வகை கம்ப்ரஸர் வாங்குங்கள். சிகரெட் லைட்டரில் சொருகும் சின்னது இந்த டயருக்குப் போராடும்.

ஏற முடியாமல் நின்றால் வண்டியைத் திருப்பப் பார்க்காதீர்கள். சரிவில் குறுக்கே நிற்கும் வண்டிதான் உருளும். லோ ரிவர்ஸ் போட்டு, கிளட்சிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள்.

லோடோடு இறங்குவதற்கும் அதே லோ, முதல் கியர். கிளட்சைத் தொடவே கூடாது. பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு விடலாம், அழுத்திப் பிடித்தால் சக்கரம் நின்று வண்டி சறுக்கும். சறுக்கத் தொடங்கினால் பிரேக்கை விட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுங்கள். மனசு ஒப்பாது, ஆனால் சக்கரம் உருண்டால்தான் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கும். இதை ஆபத்தில்லாத சின்ன இறக்கத்தில் நாலைந்து முறை பழகிவிட்டு வாருங்கள்.

எங்கள் ஜீப்புக்கு மழைக்காலத்தில் சங்கிலி இல்லாமல் சரிப்படாது. நாலுக்கும் போடுவது நல்லது. ஒரு ஜோடிதான் இருக்கிறது என்றால் பின்னால் போடுவோம். உங்கள் வண்டியில் முன்னால் காயில் ஸ்பிரிங், உள்பக்கம் இடம் குறைவு. பிரேக் குழாயில் உரசுகிறதா என்று ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்க்காமல் முன்னால் போடாதீர்கள்.

மணல்காடு எழுதியது:

நான் ஓமனில் ஒப்பந்த வேலை, கம்பெனி ஹைலக்ஸ். வஹிபா பாலைவன மணலுக்குள் போகும் முன் பிதியா ஊரில் எல்லா வண்டியும் நின்று காற்றை இறக்கும். நாங்கள் 15 பவுண்டு வரை இறக்குவோம். அதற்கும் கீழே போனால், வேகமாக ஒடிக்கும்போது டயர் சக்கர டிஸ்க்கை விட்டுக் கழன்றுவிடும். எனக்கே ஒரு முறை கழன்றது, மதிய வெயிலில் ஜாக்கி மணலுக்குள் புதைந்து பட்ட பாடு பெரிய பாடு.

மணலும் களிமண்ணும் ஒன்றில்லை அண்ணா. மணலில் டயர் மேலே மிதக்க வேண்டும், அதற்கு வழவழப்பான ரோட்டு டயரே போதும். உங்கள் சேற்றில் அடியில் இருக்கும் கெட்டித் தரையை டயர் எட்டிப் பிடிக்க வேண்டும். அதனால் அகல டயர் போடச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். கம்பெனி அளவிலேயே இருங்கள்.

கீழ்மலை மிளகு எழுதியது:

போடி அண்ணே, மிக்க நன்றி. சிமெண்ட் தரையில் பார்த்துவிட்டேன். 36இல் இருந்ததைவிட 22இல் அடையாளம் மூன்று விரற்கடை நீளம். என் மகன் சாக்பீஸில் கோடு போட்டு வைத்திருக்கிறான்.

நேற்று காலை அப்பா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் வளைவுக்குக் கீழே உள்ள பகுதியில் மட்டும் முயன்று பார்த்தேன். அதே டயர், 22 பவுண்டு, லோ இரண்டாம் கியர். முன்பு உறுமிக்கொண்டு ஏறிய இடத்தில் சத்தமில்லாமல் ஏறியது. வளைவுக்கு இருபது அடி முன்னால் நின்று, நீங்கள் சொன்னபடி லோ ரிவர்ஸில் இறங்கினேன். இறங்கும்போது பட்டனைப் பார்த்தால் சேறு அப்பி மொட்டை டயர் மாதிரி இருந்தது. டயரை மாற்றத்தான் வேண்டும் போலிருக்கிறது. ஏ.டி.யா எம்.டி.யா?

ஏற்காடு தோட்டக்காரி எழுதியது:

சார், நான் பொலேரோ கேம்பர் ஃபோர் வீல் ஓட்டுகிறேன், எங்களுடையதும் காபித் தோட்டம்தான். மூன்று வருஷம் எம்.டி. டயர் போட்டுப் பார்த்தேன். சேற்றைத் தானாக உதறிவிடும், அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் மழையில் நனைந்த மலை ரோட்டில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடுகிறது. அதன் பட்டன்களுக்கு நடுவே இடைவெளி பெரிது, தாரில் படும் ரப்பர் குறைவு. வத்தலக்குண்டு மலைப்பாதையில் வாரம் இரண்டு முறை இறங்கப்போகிற உங்களுக்கு ஏ.டி.தான். பக்கச் சுவர் தடிமனாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள், காபிக் கட்டைகள் குத்திக் கிழிப்பது அங்கேதான். நான்கும் ஒரே அளவு, ஒரே தயாரிப்பு, ஸ்டெப்னியும் அதுவே. முன்னும் பின்னும் தேய்மானம் வித்தியாசப்பட்டால் ஃபோர் வீல் போட்டதும் உள்ளே பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஒடித்தால் வண்டி இழுத்துப் பிடிக்கிறதே, அதே காரணம். தார் வந்ததும் டூ ஹைக்கு, அதாவது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலைக்கு, மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. பக்கத்துத் தோட்டத்து ஜீப் இழுத்ததாக எழுதியிருந்தீர்கள். கயிற்றை எதில் கட்டினார்கள்? டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கட்டியிருந்தால் இனி ஒருபோதும் கட்ட விடாதீர்கள். அது முறிந்தால் குண்டு மாதிரி பறந்து வரும், கண்ணாடியைத் துளைத்து உயிரை எடுத்திருக்கிறது. சேஸியில் பிடித்த இழுவைக் கொக்கியில் மட்டும் கட்டுங்கள். இழுக்கும்போது அப்பாவை அந்த நேர்க்கோட்டில் நிற்க விடாதீர்கள்.

டயர் வாங்க ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தை அந்த வளைவுக்குச் செலவழியுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பாதையில் மழைத் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று ஒரு மழை நாளில் குடையோடு நின்று பாருங்கள். டிராக்டர் தடத்திலேயே ஓடி வரும், தடம் வருஷா வருஷம் ஆழமாகும். வளைவுக்கு மேலே, பாதைக்குக் குறுக்கே சாய்வாக இரண்டு இடத்தில் வாய்க்கால் வெட்டி, தண்ணீரை மலைப்பக்க வடிகால் கானுக்குத் திருப்புங்கள். சரிவுப் பக்கம் விட்டால் ஓரம் அரித்துப் பாதையே போய்விடும். தடத்தில் சோலிங் கல் (பெரிய உடைகல்) நிரப்பி மேலே சரளை. வளைவில் மட்டும் சக்கரம் ஓடும் இரண்டு பட்டை கான்கிரீட், அதையும் வழவழப்பாகப் பூசாமல் குறுக்கே கோடு கீறி விடச் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்தில் முப்பது மீட்டருக்கு இப்படிச் செய்த பிறகு, மழையில் ஆட்களின் பைக்கே ஏறுகிறது.

போடிமெட்டு ஜீப் எழுதியது:

அம்மா சொல்வதுதான் சரி. பாதை வேலை முடியும் வரை ஒன்று செய்யுங்கள் தம்பி: காலித் தொட்டியோடு ஏறாதீர்கள். பின் ஆக்சிலுக்கு நேர் மேலே மூன்று நான்கு மூட்டை மணல், நகராமல் கட்டிப் போடுங்கள். தொட்டியின் கடைசியில் வைத்தால் முன்பக்கம் தூக்கி ஸ்டியரிங் இளகும்.

கீழ்மலை மிளகு எழுதியது:

கயிற்றை அந்த உருண்டையில் கட்டவில்லை, கொக்கியில்தான். அப்பா மட்டும் கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். படித்துக் காட்டினேன், ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

ஏ.டி. டயர் ஐந்துக்குச் சொல்லிவிட்டேன், கம்பெனி அளவிலேயே. பேட்டரியில் மாட்டும் கம்ப்ரஸர் வந்துவிட்டது, நேற்று நான்கு டயரையும் 22லிருந்து 36க்கு அடிக்கப் பதினெட்டு நிமிஷம் ஆனது. கான்கிரீட்டுக்கு மழை நின்று தை பிறக்க வேண்டும். வாய்க்கால் வெட்ட நாளைக்கே இரண்டு ஆட்கள் வருகிறார்கள். எந்த இடத்தில் வெட்டுவது என்று அப்பாதான் குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து, குச்சி நட்டுவிட்டு வந்திருக்கிறார்.